பழைய ஆர்எக்ஸ் 100 வாங்கும் முன் அது எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள்

போன மாதம் சித்தப்பா மகன் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பார்க்க ஈரோட்டுக்குக் கூப்பிட்டான். வண்டி பளபளவென்று இருந்தது. புது பெயின்ட், புது சீட், தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும் சைலன்சர். தம்பி அங்கேயே அட்வான்ஸை எடுத்து நீட்டத் தயாராகிவிட்டான். நான் சிலிண்டர் மேல் கை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்குள் ஓட்டி வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினோம், ஏனென்றால் ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் உண்மையான நிலை அது முழுக்க ஆறிக் கிடக்கும்போதுதான் வெளியே வரும்.

இந்த வண்டி நம் நாட்டில் 1985-இல் வந்து 1996-இல் நின்றது. அப்படியென்றால் இன்று சந்தையில் கிடைப்பதில் மிக இளையதற்கே முப்பது வயது. எஞ்சின் வெறும் 98 சிசி. பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர், அது ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன எஞ்சின் 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைசக்தி தந்தது, வண்டியின் எடையோ சுமார் 100 கிலோதான். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும், டூ ஸ்ட்ரோக்கான இது ஒவ்வொரு சுற்றுக்கும் எரியும். அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் அதுதான்.

ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் எரிய வேண்டுமானால் புதுக் காற்றும் பெட்ரோலும் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே வந்தாக வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சுற்று கிடையாது, அதனால் அந்த வேலையைப் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் செய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, ரீட் வால்வின் மெல்லிய இதழ்கள் திறந்து, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரிலிருந்து கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது இதழ்கள் மூடிக்கொள்ள, அழுத்தப்பட்ட கலவை பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறி, எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டு சிலிண்டரை நிரப்புகிறது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் ஆயில் கிடக்கும் தொட்டி. இங்கே அதுதான் நுரையீரல்.

அந்த நுரையீரலில் ஓட்டை விழக்கூடிய முக்கியமான இடம், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு இரண்டு பக்கமும் வெளியே வருகிற இடம். அங்கே ஆளுக்கொரு ரப்பர் ஆயில் சீல். சீலின் விலை சொற்பம், மாற்ற எஞ்சினைப் பிரிக்கும் வேலைதான் பெரிது, அதனாலேயே விற்கிறவர்கள் பெயின்ட் அடித்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். முப்பது வருடத்தில் ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிடும். வலது பக்கம், அதாவது கிளட்ச் பக்கத்து சீல் போனால் எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது, கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். இடது பக்கம், மின்சாரம் உண்டாக்கும் மேக்னட்டுக்குப் பின்னால் இருக்கும் சீல் போனால்தான் உண்மையான ஆபத்து. கார்பரேட்டர் அளக்காத காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைகிறது, பெட்ரோல் விகிதம் குறைகிறது, பிஸ்டன் சூடேறி ஒரு நாள் பைபாஸில் சீஸ் ஆகிவிடும், அதாவது சிலிண்டரில் இறுகி நின்றுவிடும்.

ஈரோட்டு வண்டி ஆறாவது கிக்கில் ஸ்டார்ட் ஆனது. ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டேன். நல்ல எஞ்சின் என்றால் ஆர்பிஎம் சட்டென்று இறங்கும், இது மேலேயே ஒரு மூச்சு தொங்கி நின்று அப்புறம்தான் இறங்கியது. பிளக்கைக் கழற்றினோம். முனை காபிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும், சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. இரண்டுமே காற்று கூடி பெட்ரோல் குறைந்ததன் அடையாளம். கார்பரேட்டரையும் சிலிண்டர் பிளாக்கையும் இணைக்கும் இடத்தில் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தோம். கசிவு இருந்தால் எஞ்சின் அதை உறிஞ்சி சத்தம் மாறும், மாறவில்லை. அங்கே கசிவு இல்லை என்றால் சந்தேகம் முழுக்க மேக்னட் பக்கத்து சீல் மேல்தான். உரிமையாளர் “அது டியூனிங்தாங்க, ஸ்க்ரூவைத் திருப்பினா சரியாயிடும்” என்றார்.

பெட்ரோல் பங்க்கில் இன்று கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இதே சிக்கலை இன்னும் கூட்டுகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலந்தால் தேவை ஏறக்குறைய 13.5 கிலோவுக்கு இறங்குகிறது, ஆனால் பழைய கார்பரேட்டருக்கு இது தெரியாது, அது தன் பழைய கணக்கிலேயே காற்றை விடும், இங்கேயும் காற்று கூடிவிடுகிறது. பழைய ரப்பர் பாகங்களையும் எத்தனால் கெடுக்கும். அதனால் இந்த வண்டிக்கு முதல் ‘அப்கிரேட்’ என்று நான் சொல்வது புது சீல்கள், புது பெட்ரோல் டியூப், கொஞ்சம் பெரிய மெயின் ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை).

சைலன்சருக்கு வருவோம், எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். டூ ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் குழாய் இல்லை. புகை பாயும்போது கிளம்பும் அழுத்த அலை, உள்ளே இருக்கும் கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடுகிறது. 7,500 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடி. புகைவழி திறந்திருப்பது அதில் சுமார் பாதி. சூடான புகையில் ஒலி நொடிக்கு 500 மீட்டர் போல ஓடும் என்று வைத்துக்கொண்டால், 3 மில்லி நொடியில் ஒன்றரை மீட்டர், அதாவது முக்கால் மீட்டர் போய் முக்கால் மீட்டர் திரும்பலாம். சைலன்சரின் நீளமும் வளைவும் இந்தக் கணக்கில் செய்தவை. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இந்தக் கணக்கைப் பந்தயத்துக்காகச் செதுக்கினார். அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் தப்பி சுசுகியில் சேர, அந்த அறிவு ஜப்பானுக்குப் போனது. அடுத்த வருடமே சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. இப்படி வந்த ஒரு பொருளைக் கழற்றிவிட்டு, அளவு தெரியாத குழாயை மாட்டினால் சத்தம் கிடைக்கும், அலை தப்பான நேரத்தில் திரும்பும், தினமும் ஓட்டும் வேகத்தில் இழுவை போய்விடும்.

ஆர்எக்ஸ் 135-இன் பிளாக்கை மாட்டுவதும் பிரபலம். பிஸ்டன் விட்டம் 50-லிருந்து 58 மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் பரப்பு வர்க்கத்தில் கூடுவதால் 98 சிசி 132 சிசி ஆகிறது. ஆர்சி புக்கில் இருப்பது 98 சிசி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதற்கு இடம் கொடுக்காது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பவரைக் கூட்டும் ஆசை வரும்போது முன் சக்கரத்தைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே இருப்பது கேபிளில் இழுக்கும் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக். ஓட்டுபவரோடு சேர்த்து 170 கிலோ என்றால் 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்குகள் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 24 கிலோஜூல். 80-இல் அது 42. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, பிரேக்கின் வேலை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. புது பிரேக் ஷூ, புது கேபிள், புது டயர் இவற்றுக்குச் செலவழிக்கும் பணம் பவருக்குச் செலவழிக்கும் பணத்தைவிட முன்னால் நிற்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 3514 என்றால் 2014-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஈரோட்டு வண்டியில் அதுதான் இருந்தது, டயர் பூ தேயாமல் நிறைய இருந்தாலும் நகம் பதியவில்லை, ரப்பர் கல்லாகியிருந்தது.

எஞ்சின் வேலைக்கான பணத்தைக் கழித்துக்கொண்டுதான் தம்பி வாங்கினான். பிரித்தபோது மேக்னட் பக்கத்து சீலின் உதடு ஒரு பக்கமாகத் தேய்ந்து பிளந்திருந்தது. கிராங்க் பேரிங்கும் போய்விட்டது, சீலை ஒரு பக்கமாகத் தேய வைத்தது அதுதான். இப்போது எல்லாம் புதிது, பழைய ஒரிஜினல் சைலன்சர் ஒன்றும் தேடிப் பிடித்து மாட்டியாகிவிட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டால் ஆர்பிஎம் உடனே விழுகிறது. ஒரு சைஸ் பெரிய ஜெட் போட்டிருக்கிறோம், இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும்.