அக்கா கதவைச் சாத்தினால் சாத்தட்டும்

இந்த மாதத்தில் இதே குறையோடு என்னிடம் ஆலோசனைக்கு வந்த நான்காவது குடும்பம் இது. அக்காவுக்கு 13 வயது, தங்கைக்கு 9. போன வருஷம்வரை ஒரே போர்வைக்குள் குசுகுசுவென்று பேசிக் கிடந்தவர்கள். இப்போது பெரியவள் அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறாளாம். "பாசமே போயிடுச்சு மேடம்" என்றார் அம்மா. அப்பா கையில் 'லிட்டில் விமன்' நாவல். "நாலு அக்கா தங்கச்சிங்க எவ்வளவு ஒற்றுமைன்னு இதைக் காட்டிச் சொல்லியும் இவ மாறமாட்டேங்குறா."

அவர் அந்த நாவலைப் படித்ததில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

1868இல் வெளிவந்த லூயிசா மே ஆல்காட்டின் அந்த நாவலில், 16 வயது மெக்கும் 15 வயது ஜோவும் நாடகம் பார்க்கக் கிளம்புகிறார்கள். நானும் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள் 12 வயதுக் கடைக்குட்டி ஏமி. ஜோ கூட்டிப்போகவில்லை. அந்தக் கோபத்தில் ஏமி, அக்கா வருஷக்கணக்கில் எழுதிச் சேர்த்த கதைகளை நெருப்பில் போட்டுவிடுகிறாள். இதுதான் சார் உங்கள் ஒற்றுமை! மன்னித்துவிடு என்று அம்மா காதோடு சொல்லிப் பார்க்கிறாள். ஜோ முடியாது என்கிறாள். அம்மா அதற்குமேல் வற்புறுத்துவதில்லை. மறுநாள் ஆற்றின் பனிப்பரப்பு உடைந்து ஏமி உள்ளே விழுந்து பிழைத்த பிறகுதான் ஜோ உருகுகிறாள். அன்றிரவும் அம்மா உபதேசம் செய்யவில்லை. தன் கோபத்தோடு தானே 40 வருஷமாக மல்லுக்கட்டுவதைச் சொல்கிறாள். இதைச் சொல்ல எத்தனை பெற்றோருக்கு மனசு வரும்?

விலகினால் வெறுப்பு என்று யார் சொன்னது? பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 8 வயதிலிருந்து 13க்குள், பையன்களுக்கு 9லிருந்து 14க்குள் பருவமாற்றம் தொடங்கிவிடும். உடம்பும் மனசும் மாறும்போது தனியாக இருக்க ஓர் இடம் தேவைப்படுகிறது. கதவு அதற்குத்தான். தங்கைக்கு எதிராக அல்ல. தங்கைக்கு எதிராக அல்ல என்று இன்னொரு முறையும் எழுதிவிடுகிறேன். பெரியவளிடம் தனியாகப் பேசியபோது அவளுக்கு இருந்தது ஒரே புகார்: "என் டைரியை எடுத்துப் படிச்சுட்டு எல்லார்கிட்டயும் சொல்றா." வெளியே போகும்போது திட்டிக்கொண்டே தங்கையின் ஷூ லேஸைக் கட்டிவிட்டாள். அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பெரியவதானே, விட்டுக்கொடு" என்பதை முதலில் நிறுத்துங்கள். டைரிக்குப் பூட்டுள்ள டிராயர் கொடுங்கள். இருவரையும் கட்டாயப்படுத்தி விளையாட வைக்காதீர்கள். விளையாட்டுத் துணையை இழந்து நிற்பவள் சின்னவள். அவளோடு நீங்கள் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பெரியவள் சாப்பிடாமல், தூங்காமல், தோழிகளிடமும் பேசாமல் வாரக்கணக்கில் ஒடுங்கிக் கிடந்தால் அது வேறு விஷயம், உடனே கூட்டிவாருங்கள்.

அப்புறம் அந்தப் புத்தகம். முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பிள்ளைகள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, தயவுசெய்து, சும்மா இருங்கள். "இதுல என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். பெரியவள் ஜோ கட்சி, சின்னவள் ஏமி கட்சி என்று சண்டை வரும். வரட்டும்.