டீசல் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?

2021 நவம்பர் 3 அன்று சென்னையில் ஒரு லிட்டர் டீசல் 102 ரூபாய் 59 காசு. மறுநாள் காலை 91 ரூபாய் 43 காசு. ஒரே இரவில் 11 ரூபாய்க்கு மேல் இறங்கியதற்கும் உலகச் சந்தைக்கும் சம்பந்தமில்லை. தீபாவளிக்கு முந்தைய நாள் மத்திய அரசு டீசல் மீதான கலால் வரியை 10 ரூபாய் குறைத்தது, அவ்வளவுதான். டீசல் விலை என்றாலே கச்சா எண்ணெயை மட்டும் பார்க்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. லாரி ஓட்டுபவர், டிராக்டர் வைத்திருப்பவர், விசைப்படகு வைத்திருப்பவர் எல்லோரும் கச்சா எண்ணெயோடு சேர்த்து வரியையும் பார்க்க வேண்டும். விலை மாறாமல் நிற்கும் நாட்களையும் கவனிக்க வேண்டும்.

முதலில் விதி. 2014 அக்டோபர் 19 முதல் டீசல் விலை அரசுக் கட்டுப்பாட்டில் இல்லை. பெட்ரோலுக்கு 2010 ஜூனிலேயே கட்டுப்பாடு நீங்கிவிட்டது. டீசலை அப்படிச் சட்டென்று விட முடியவில்லை, காய்கறி முதல் பஸ் கட்டணம் வரை எல்லாம் அதில் தொங்குகிறது. அதனால் 2013 ஜனவரியில் மாதம் சுமார் 50 காசு ஏற்றிக்கொள்ள எண்ணெய் நிறுவனங்களை அனுமதித்தார்கள். 2014 இரண்டாம் பாதியில் உலக விலை சரிந்தபோது, ஏற்றத் தேவையில்லாத நேரமாகப் பார்த்து முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். அன்று டெல்லியில் விலை 3 ரூபாய் 37 காசு குறைந்தது.

அப்புறம் மாதம் இருமுறை, 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும் விலையைத் திருத்தினார்கள். 2017 மே மாதம் புதுச்சேரி, விசாகப்பட்டினம், உதய்ப்பூர், ஜாம்ஷெட்பூர், சண்டிகர் ஆகிய ஐந்து நகரங்களில் தினசரித் திருத்தத்தைச் சோதித்துவிட்டு, ஜூன் 16 முதல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். காலை 6 மணிக்குப் புது விலை. இன்றும் விதி அதுதான்.

அந்த விலைக்குள் என்னென்ன இருக்கிறது? அடியில் இருப்பது சுத்திகரிப்பு ஆலை விலை. இதைக் கச்சா எண்ணெயின் அடக்கச் செலவிலிருந்து கணக்கிடுவதில்லை. தயாரான டீசல் வளைகுடாச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறதோ, அதை வைத்து இறக்குமதி விலைக்கு 80 சதவீதமும் ஏற்றுமதி விலைக்கு 20 சதவீதமும் எடை கொடுத்துப் போடும் முறை 2006இல் வந்தது. அதனால் கச்சா எண்ணெய் அசையாமல் இருந்தாலும் டீசல் மட்டும் ஏறலாம். 2022இல் ரஷ்ய டீசலை நம்பியிருந்த ஐரோப்பா வேறு இடம் தேடியபோது அதுதான் நடந்தது. கணக்கெல்லாம் டாலரில் என்பதால் ரூபாய் சரிந்தாலும் விலை கூடும்.

அதன் மேல் கப்பல் கூலியும் டிப்போவிலிருந்து பங்க் வரையிலான லாரி வாடகையும் சேரும். ஊட்டியில் சென்னையைவிட விலை கூடுதலாக இருப்பது அந்த வாடகையால்தான். டீலர் கமிஷனும் உண்டு, அது லிட்டருக்குச் சில ரூபாய்தான். பங்க்காரர் கொள்ளையடிக்கிறார் என்று திட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றதெல்லாம் வரி. 2024 மார்ச் 15 அன்று சென்னையில் டீசல் 92 ரூபாய் 34 காசு. அதில் மத்திய கலால் வரி 15 ரூபாய் 80 காசு. மாநில அரசின் விற்பனை வரியான வாட் தமிழ்நாட்டில் 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும், மொத்தம் ஏறக்குறைய பதினேழரை ரூபாய். இரண்டும் சேர்ந்தால் நாம் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகை. வாட் வரியின் 11 சதவீதப் பகுதி கலால் வரியின் மேலும் விழுகிறது. அதனால்தான் 2021இல் மத்திய அரசு 10 ரூபாய் குறைத்தபோது சென்னையில் 11 ரூபாய்க்கு மேல் குறைந்தது. 2022 மே மாதம் மீண்டும் 6 ரூபாய் குறைத்தபோதும் இங்கே 6 ரூபாய் 70 காசு இறங்கியது. மாநிலம் தன் பங்குக்கு எதுவும் செய்யாமலே அதன் வருமானமும் குறைகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024இன் அந்த 15 ரூபாய் 80 காசில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 80 காசு மட்டுமே. மற்றவை செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்று வசூலிக்கும் வரி), சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயரில் முழுதும் மத்திய அரசுக்கே போயின. மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுவில், அப்போதிருந்த 15ஆவது குழுவின் கணக்குப்படி அந்த 1.80இல் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்குமாக இருந்தது, அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், லிட்டருக்கு 3 காசுதான் வந்தது.

விலை குறைந்தால் யாருக்கு லாபம்?

என் மனதை உறுத்தும் இடம் இதுதான். 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே உலக விலை விழுந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில் கலால் வரியை ஒன்பது முறை ஏற்றினார்கள், டீசலுக்கு மொத்தம் 13 ரூபாய் 47 காசு. 2020 ஏப்ரலில் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலை பீப்பாய்க்கு 19 டாலர் 90 சென்ட் வரை இறங்கியது. மே 5 இரவு டீசல் மீது 13 ரூபாய் கலால் வரி ஏறி 31 ரூபாய் 83 காசு ஆனது. பங்க் விலை அன்று அசையவில்லை. மக்களுக்கு வந்திருக்க வேண்டிய குறைவு கஜானாவுக்குப் போனது. நியாயமாகச் சொன்னால் தமிழக அரசும் அதே வாரம் வாட் வரியைக் கூட்டியது. அதனால் இங்கே டீசல் லிட்டருக்கு இரண்டரை ரூபாய் ஏறியது.

கொரோனா காலத்தில் அரசுக்குப் பணம் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் ஏறும்போது "சந்தை விலை" என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது வரியால் நிரப்பினால் கட்டுப்பாடு நீங்கியது என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை.

தினசரித் திருத்தமும் தினமும் நடப்பதில்லை. 2018 மே மாதம் கர்நாடகத் தேர்தலுக்கு முன் 19 நாள் விலை மாறவில்லை. உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் காலத்தை ஒட்டி, 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் 21 வரை 137 நாள் மாறவில்லை. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6க்குள் பதினான்கு முறை ஏற்றி 10 ரூபாய் கூட்டினார்கள். அதன்பின் 2024 மார்ச் வரை, வரிக் குறைப்பைத் தவிர ஏறக்குறைய எதுவும் நடக்கவில்லை. அந்த இடைவெளியின் தொடக்கத்தில், 2022 ஜூனில், கச்சா எண்ணெய் 116 டாலர் வரை போனபோது எண்ணெய் நிறுவனங்கள் நஷ்டத்துக்கு விற்றன. பின்னர் விலை இறங்கியதும் அதை ஈடுகட்டி, 2023–24இல் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 81,000 கோடி ரூபாய் லாபம் பார்த்தன. 2025 ஏப்ரலில் 2 ரூபாய் கலால் வரி ஏறியதும் பங்க்கில் தெரியவில்லை, நிறுவனங்களின் லாபத்திலிருந்து போனது.

கலால், வாட் இரண்டையும் விட்டுவிட்டு, மற்றப் பொருட்களைப் போல டீசலையும் ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் என்ன என்று கேட்கலாம். டீசலைச் சேர்க்க அரசியல் சட்டத்தில் வழி இருக்கிறது, ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரைத்தால் போதும். 2021 செப்டம்பரில் லக்னோ கூட்டத்தில் பேசி, இப்போது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இவ்வளவு பெரிய வருமானத்தை எந்த அரசும் எளிதில் விடாது.

எல்லோருக்கும் ஒரே விலையும் இல்லை. 2013 முதல் மொத்தமாக வாங்கும் ரயில்வேக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சந்தை விலை. சில்லறை விலை அதைவிடக் குறைவாக இருந்ததால் அந்த ஆண்டு நம் அரசுப் பேருந்துகள் சாலையோர பங்க்குகளில் நின்று டீசல் போட்டன. 2022 மார்ச்சில் மொத்த விலை சில்லறையைவிட சுமார் 25 ரூபாய் ஏறியபோதும் பல மாநிலங்களில் இதே கதை.

மீனவர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி உரிமை உண்டு. பதிவு பெற்ற விசைப்படகுக்கும் இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கும் வாட் வரி இல்லாத டீசல் கிடைக்கும். விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்ததை 19,000 ஆகவும், நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டராக இருந்ததை 4,400 ஆகவும் உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் முதலமைச்சர் அறிவித்தார். விலக்கு வாட் வரிக்கு மட்டும்தான், கலால் வரியை மீனவரும் கட்டுகிறார். ஆகவே மத்திய அரசு கலால் வரியை ஏற்றி அது விலையில் சேர்ந்தால், மானிய டீசல் போடும் படகுக்கும் செலவு கூடும். அளவுக்கு மேல் தேவைப்படும் டீசலை முழு விலைக்குத்தான் வாங்க வேண்டும். அதனால் ஆண்டு ஒதுக்கீட்டில் எவ்வளவு மிச்சம் என்பதைக் கடலுக்குப் போகும் முன் கணக்குப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.