பந்தோட மூக்கை யாரு கீழ திருப்புறது?

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கோட ஃபைனலான சூப்பர் பவுல் பாத்துட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: அமெரிக்கன் ஃபுட்பால்ல ரெண்டு முனையும் கூரான பந்து மேல ஏறும்போது மூக்கு, அதாவது முன் முனை, மேல பாக்குது, இறங்கும்போது கீழ பாக்குது, நடுவானத்துல யாரு சார் திருப்புறதுன்னு. செம கேள்வி.

இந்த ஆட்டத்துல பந்தை முன்னாடி வீசலாம்னு ரூல் வந்ததே 1906லதான். அதே வருஷம் ஒஹையோவுல மாசிலன் டைகர்ஸ் டீமுக்காக பெக்கி பாரட் வீச டான் ரைலி பிடிச்சதைத்தான் காசு வாங்கி ஆடுற ஆட்டத்துல முன்னாடி வீசின முதல் பாஸ்னு சொல்றாங்க. ஆனா அப்போ பந்து நல்லா குண்டு, கைக்கு அடங்காது. இடுப்புச் சுத்தளவு 22 இன்ச்சுக்கு மேல இருந்தது, 1934ல 21.5க்குள்ள வந்துச்சு. சரியா அடுத்த வருஷம் க்ரீன் பே பேக்கர்ஸ் டீமுக்கு வர்றார் பாஸ் பிடிக்கிறதுல பேர் போன டான் ஹட்சன், அவருக்கு வீசின ஆர்னி ஹெர்பருக்கு கை சின்னது, அதனால கட்டைவிரலை பந்தோட தையல் கயிறு மேல வெச்சுப் பிடிச்சு சுழட்டி விடுவார், 1935ல சிகாகோ பேர்ஸ் டீம் கூட ஆடினப்போ இவர் வீச ஹட்சன் பிடிச்சு 83 கஜம் டச்டவுன் (எதிரணியோட எல்லைக்குள்ள பந்தைக் கொண்டு போய் எடுக்கிற ஸ்கோர்)!

ஏன் சுழட்டணும்? பம்பரம் சாஞ்சாலும் டக்குனு விழாம தலையை வட்டமா ஆட்டும்ல, அதே சங்கதிதான் இங்கயும். நல்ல பாஸ்ல பந்து நொடிக்கு சுமார் 10 சுத்து சுத்தும், சுத்துற பொருள் தன்னோட அச்சை விட்டுக் கொடுக்காது, அப்போ மூக்கு கடைசி வரைக்கும் மேலயே பாக்கணும், இல்லையா? பாதை கீழ வளைய ஆரம்பிச்சதும் காத்து பந்தோட அடிப்பக்கம் மோதி மூக்கை இன்னும் மேல தூக்கப் பாக்குது. ஆனா சுத்துற பந்து தள்ளுற பக்கம் போகாது, தொண்ணூறு டிகிரி தள்ளிப் போகும், அதாவது வலது கைக்காரர் வீசினா மூக்கு வலப்பக்கம் திரும்பும். இப்போ காத்து அதை மேலும் வலப்பக்கம் தள்ளுது, மூக்கு கீழ இறங்குது! இப்படி பாதையைச் சுத்திச் சுத்தி வட்டம் போட்டுக்கிட்டே பாதை வளையுற பக்கமா மூக்கும் வளையுது. நிமித்தப் பாக்குற காத்தே குனிய வைக்குது, எனக்கு இதை எத்தனை தடவை யோசிச்சாலும் அலுக்கல. அந்த வட்டம் சராசரியா கொஞ்சம் வலப்பக்கம் இருக்கிறதால பந்தும் லேசா வலது ஒதுங்கும், இடது கைக்காரர் வீசினா இடது.

2020ல மூணு இயற்பியலாளர்கள் இதைக் கணக்கு போட்டு விளக்கி பேப்பர் போட்டாங்க. பந்து விளையாட்டுக்கெல்லாம் ஆராய்ச்சியான்னு சிரிக்கிறவங்க, சுழன்று பறக்குற பீரங்கிக் குண்டுக்கும் இதே கணக்குதான்னு தெரிஞ்சுக்கணும், அதுக்கு மட்டும் எந்த அரசாங்கமும் காசு இல்லைன்னு சொன்னதில்ல.

அப்போ ஹட்சன் சாதனையெல்லாம் ஒல்லிப் பந்தோட புண்ணியமான்னா, எனக்கு அப்படித் தோணல. பந்து எல்லா டீமுக்கும்தான் ஒல்லியாச்சு. 1942ல ஹட்சன் பிடிச்சது 74 பாஸ், லீக்ல ரெண்டாவது ஆள் 27. போர்க்காலம், நிறைய பேர் பட்டாளத்துல இருந்தாங்கன்னு கழிச்சாலும், அவரோட 99 டச்டவுன் கேட்ச் சாதனையை முறியடிக்க 1989ல ஸ்டீவ் லார்ஜென்ட்னு இன்னொரு வீரர் வரவேண்டியிருந்தது.