அப்போப்டோசிஸ்: தற்கொலையா, உதிர்வா, தன்மடிவா?

தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். 'செல் இறப்பு' என்று போர்டில் எழுதினாலே கடைசி பெஞ்சிலிருந்து "ரிச்சி ஸ்ட்ரீட்ல குடுத்தா சரி பண்ணிடுவாங்க சார்" என்று, செல்போனை நினைத்து ஒரு குரல் வரும். சரி என்று 'உயிரணு' எனத் திருத்துவேன். ஆனால் அவர்களை நிஜமாகவே படுத்துவது அடுத்து வரும் சொல்தான்: அப்போப்டோசிஸ், அதாவது உயிரணு ஒழுங்குமுறையாகச் சாகும் ஒரு விதம்.

ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கரி மூவரும் 1972-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயரை வைத்தார்கள். எடுத்துக் கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். 'அப்போ' என்றால் விலகி, 'ப்டோசிஸ்' என்றால் விழுதல். இலையோ இதழோ உதிர்வதைச் சொல்லும் கிரேக்கச் சொல். இரண்டாவது 'ப்' ஒலிக்கக் கூடாது என்று கட்டுரையிலேயே குறிப்பும் போட்டார்கள். யார் கேட்டார்கள்?

பெயர் பொருத்தமானது. புயலில் பூவரசின் பச்சை இலை பிய்ந்து விழுவது வேறு. பழுத்த இலை சத்தை மரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காம்போடு கழன்று விழுவது வேறு. ரத்தம் கிடைக்காத உயிரணு வீங்கி வெடிக்கும், உள்ளே இருப்பது சிந்தி அழற்சி உண்டாகும். அது நெக்ரோசிஸ். அப்போப்டோசிஸில் உயிரணு சுருங்கி, சவ்வு மூடிய சிறு துண்டுகளாகப் பிரியும். விழுங்கணுக்கள் வந்து சத்தமில்லாமல் தின்றுவிடும். கருவில் விரல்களுக்கு இடையிலுள்ள சதை மறைவது இப்படித்தான்.

இதை முடுக்குவதில் மரபணு வெளிப்பாட்டுக்கு, அதாவது மரபணு இயங்கி அதற்குரிய புரதம் உருவாவதற்கு, பெரிய பங்கு உண்டு. டி.என்.ஏ. சேதமானால் பி53 என்னும் புரதம் சேர்ந்து பெருகி, டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு சில மரபணுக்களை இயக்கும். அவற்றில் பி21 என்ற மரபணு வெளிப்பட்டால் உயிரணு பிரிவது நிற்கும், பழுதுபார்க்க நேரம் கிடைக்கும். சேதம் மிஞ்சிப் போனால் பூமா, பேக்ஸ் போன்ற மரபணுக்கள் மேலோங்கும். பூமா புரதம், உயிரணு சாகாமல் காவலாக நிற்கும் பிசிஎல்-2 என்ற புரதத்தை அடக்கும். பேக்ஸ் புரதம், உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளை போடும். அப்புறம் அதிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும், அடங்கிக் கிடந்த காஸ்பேஸ் நொதிகள் விழித்து உள்ளிருக்கும் புரதங்களை வெட்டித் தள்ளும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பி53 மரபணு பழுதாகியிருக்கிறது. சாக வேண்டிய உயிரணு சாகாமல் பெருகுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'செல் தற்கொலை' பத்திரிகைக்குக் கவர்ச்சிதான், ஆனால் முடிவு எப்போதும் உயிரணுவுடையது அல்ல. வைரஸ் புகுந்த உயிரணுவை, நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி-உயிரணு வெளியிலிருந்தே சாகச் சொல்லும். 'திட்டமிட்ட உயிரணு இறப்பு' அகலமான சொல். நெக்ரோப்டோசிஸ், பைரோப்டோசிஸ் என்ற வேறு இரண்டு வகை உயிரணு இறப்புகளும் அதில் அடங்கிவிடும். 'உயிரணு உதிர்வு' கிரேக்க மூலத்துக்கு நேர்ச்சொல், ஆனால் தோலின் மேலணுக்கள் உதிர்வதோடு குழம்பும். உதிர்ந்த பூவுக்கு நம்மிடம் 'வீ' என்றே ஒரு பெயர் உண்டு, 'வீதல்' என்றால் சாதல். அழகுதான், தேர்வுத் தாளில் எடுபடாது.

என் ஓட்டு 'தன்மடிவு'க்கு. மடிதல் என்பது சாவதும்தான், மடங்குவதும்தான். சுருங்கிச் சாகும் உயிரணுவுக்கு இரண்டும் பொருந்தும். 'தன்' மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் கட்டளை எங்கிருந்து வந்தாலும் வெட்டும் கத்தி உயிரணுவின் சொந்தக் காஸ்பேஸ்தானே. பிள்ளைகளிடம், முதல் தடவை 'அப்போப்டோசிஸ் எனும் தன்மடிவு', அதற்குப் பிறகு வெறும் 'தன்மடிவு' என்று எழுதச் சொல்கிறேன். பிசிஎல்-2 'தன்மடிவுத் தடுப்புப் புரதம்', பேக்ஸ் 'தன்மடிவுத் தூண்டு புரதம்'. காஸ்பேஸ் காஸ்பேஸாகவே இருக்கட்டும்.