டிசொனன்ஸ்: பகையிசை

திகில் படங்களின் இசையைப் பற்றி எழுதுவோர் 'டிசொனன்ஸ்' என்னும் சொல்லைத் தவிர்த்துவிட்டு அதிக தூரம் போக முடிவதில்லை. இலத்தீனில் 'சொனாரே' என்பது ஒலித்தலைக் குறிக்கும் வினை. அதன் முன் பிரிவையும் விலகலையும் உணர்த்தும் 'டிஸ்' சேர்ந்தபோது, ஒன்றோடொன்று கூடாமல் விலகி ஒலித்தல் என்ற பொருள் பிறந்தது. பிரெஞ்சு வழியாக அச்சொல் ஆங்கிலத்தில் நுழைந்து, அங்கிருந்து நம் பேச்சுக்கும் வந்திருக்கிறது.

இசையில் இதன் பொருள் வெறும் 'இனிமையின்மை' அன்று. இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது அமைதி கொள்ளாமல், அடுத்து வேறொரு சுரத்துக்கு நகர்ந்தே தீரவேண்டும் என்ற தவிப்பைக் கேட்பவரிடம் எழுப்புமானால், அந்தத் தவிப்பு நிலையே டிசொனன்ஸ். எனவே இது தனி ஒரு சுரத்தின் குணமாகாது. இரண்டுக்கு இடையிலான உறவின் பெயர். தமிழ்ச் சொல்லைத் தேடும்போது இந்த உண்மை நமக்கு மிகவும் தேவைப்படும்.

இந்தத் தவிப்புக்கு உடலில் ஓர் அடிப்படை உண்டு. நொடிக்கு 880 அதிர்வுகள் கொண்ட சுரத்தையும் அதற்கு அரைச்சுரம் (மேலை இசையில் அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான மிகச் சிறிய இடைவெளி) மேலே உள்ள, ஏறக்குறைய 932 அதிர்வுகள் கொண்ட சுரத்தையும் ஒருசேர வாசித்தால், இரண்டும் உட்செவியில் ஏறத்தாழ ஒரே இடத்தில் மோதி, நொடிக்கு 52 முறை ஏறி இறங்கும் ஒரு கரகரப்பை உண்டாக்குகின்றன. டிசொனன்ஸின் வேர் இந்தக் கரகரப்பில்தான் இருக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் விரிவாக விளக்கினார். மனித அலறலை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, அலறலைச் சாதாரணப் பேச்சிலிருந்து பிரித்துக் காட்டுவது நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்கும் கரகரப்பே என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நெருங்கிய இரு சுரங்களின் மோதல் ஏன் நம்மைத் திடுக்கிட வைக்கிறது என்பது ஓரளவு விளங்குகிறது: அந்த ஓசையில் யாரோ அலறும் சாயல் இருக்கிறது.

1960இல் வெளிவந்த 'சைக்கோ' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் வயலின் குடும்பத்தைச் சேர்ந்த நரம்புக் கருவிகளை மட்டுமே கொண்டு இசையமைத்தார். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று இயக்குநர் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார் என்பதை நினைக்கும்போது, அந்த முடிவு மாறியது திரையிசையின் நற்பேறு என்றே எனக்குத் தோன்றுகிறது. அக்காட்சியின் உச்ச ஸ்தாயி வயலின்கள் அரைச்சுர மோதலை வெவ்வேறு ஸ்தாயிகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெட்டி வெட்டி ஒலிக்கின்றன.

ஆனால் அச்சுறுத்துவது வேறு, நினைவில் தங்குவது வேறு. போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கி எழுதியவைபோல் பல சுரங்கள் திரண்டு ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசை, 1980இல் வந்த 'தி ஷைனிங்' படத்தில் கேட்போரை நடுங்க வைத்தது. எனினும் அதை யாரும் முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்ப முடியாது. 1975இல் 'ஜாஸ்' படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசையோ அரைச்சுர இடைவெளியுள்ள இரண்டே சுரங்களை மாறி மாறி ஒலிக்கவிட்டு, மெல்ல மெல்ல விரைவைக் கூட்டுகிறது. இங்கே சுரங்கள் ஒருசேர மோதவில்லை; ஒன்றையடுத்து ஒன்றாக உரசுகின்றன. அதே பிணக்கைத்தான் கேட்கிறோம், ஆனால் ஒரு குழந்தைகூட வாயால் ஒலித்துக் காட்டக்கூடிய அளவுக்கு அது எளிமையாக்கப்பட்டிருக்கிறது. மறக்க முடியாத திகில் இசை எதுவாயினும், அதில் இப்படிப்பட்ட எளிய, திரும்பத் திரும்ப வரும் அச்சு ஒன்று பிணக்கைச் சுமந்து நிற்பதைக் காணலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். 'அபசுரம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாடுபவர் செய்யும் பிழையைக் குறிக்கும் சொல். இசையமைப்பாளர் தெரிந்தே அமைத்ததைப் பிழை என்று அழைப்பது முறையாகாது. 'ஒவ்வாமை' இன்று மருத்துவச் சொல்லாக நிலைத்துவிட்டது. 'முரணிசை' தவறில்லை, ஆயினும் முரண் என்பது கருத்துக்கும் சொல்லுக்கும் பொதுவானது. அதில் இசை மரபின் வாசனை இல்லை.

மரபில் தேடினால் கைநிறையக் கிடைக்கிறது. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் மாதவி யாழைக் கையிலெடுக்கும் இடத்தில், 'செம்பகை ஆர்ப்பே கூடம் அதிர்வே' என்று நான்கு குற்றங்களை இளங்கோவடிகள் அடுக்குகிறார். பண்ணோடு பொருந்தாமல் இன்பமின்றி ஒலிப்பது செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. தெளிவாக எழாமல் மழுங்கி ஒலிப்பது கூடம். இழுமென்று ஒழுகாமல் சிதறி ஒலிப்பது அதிர்வு என்று பழைய உரை விளக்கம் தருகிறது. இப்பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் நான் வியந்துபோகிறேன். யாழிலிருந்து நீக்கப்பட்ட இந்நான்கையும் திகில் படத்தின் இசையமைப்பாளர் விரும்பி அழைத்துக்கொள்கிறார்: மோதும் சுரங்கள் செம்பகை, மௌனத்தைக் கிழிக்கும் திடீர் முழக்கம் ஆர்ப்பு, கதவுக்குப் பின்னால் உறுமுவதுபோல் தொடரும் கீழ் ஸ்தாயி ஓசை கூடம், வில்லை நடுக்கி வாசிக்கும் வயலின்களின் படபடப்பு அதிர்வு.

அப்படியானால் டிசொனன்ஸைச் 'செம்பகை' என்றே சொல்லிவிடலாமா? அது குற்றத்தின் பெயர் என்பதால் நான் தயங்குகிறேன். இதைவிடப் பொருத்தமானது அதனுள்ளேயே இருக்கிறது. பழந்தமிழ் இசையிலக்கணம் சுரத்தை 'நரம்பு' என்று வழங்கி, நரம்புகளுக்கு இடையிலான உறவை இணை, கிளை, நட்பு, பகை என நான்காக வகுத்தது. வடமொழி மரபில் 'விவாதி' எனப்படுவதற்கு நிகராக நிற்பது பகை. எந்த நரம்பும் தன்னளவில் பகையன்று. இன்னொன்றின் அருகே நிற்கும்போதுதான் பகையாகிறது. டிசொனன்ஸ் என்பதும் உறவின் பெயர்தான் என்பதால், 'பகையிசை' என்பதே அதற்குரிய தமிழ் என்று கொள்கிறேன்.

இச்சொல்லை ஏற்றுக்கொண்டால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. டிசொனன்ஸ் ஓர் அமைதியான சேர்க்கைக்குள் சென்று அடங்குவதை மேலை இசையில் 'ரெசொல்யூஷன்' என்பார்கள். அதைத் தமிழில் 'பகை தணிதல்' என்று எழுதலாம். காதல் பாடலோ தாலாட்டோ பகையைச் சிறிது நேரம் காட்டிவிட்டுத் தணித்துவிடும். திகில் படத்தின் இசையோ தணியும் இடம் வந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும் நேரத்தில் இன்னொரு பகை நரம்பைத் தொட்டுவிட்டு, காட்சியை அங்கேயே முடித்துக்கொள்கிறது.