மூன்றாவது அணி வந்ததும் யாரும் சுடவில்லை

பெங்களூர் கனகபுரா சாலையில் ஒரு பெயின்ட்பால் திடல். பெயின்ட் அடைத்த உருண்டைக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் இடம். சனிக்கிழமை காலை. இந்த ஊரில் வேலை பார்க்கும் தமிழ் ஆட்கள் பதினைந்து பேர், மூன்று வண்டிகளில் வந்து இறங்கினோம். வழக்கமாக இரண்டு அணிதான். அன்றைக்கு வண்டிக்கு ஓர் அணியாகப் பிரிந்தால் என்ன என்று யாரோ கேட்க, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என்று பிரிந்தோம். குண்டு பட்டவர் வெளியே. கடைசியில் மிஞ்சும் அணிக்கு வெற்றி. விதி அவ்வளவுதான்.

விசில் ஊதியாயிற்று. டயர் அடுக்குக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மூச்சுக்காற்றில் மாஸ்க் கண்ணாடி மங்கியது. பக்கத்தில் இருந்த தம்பி கிசுகிசுத்தான்: "அண்ணா, நாம எதுக்குச் சுடணும்? அவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கட்டும்."

மற்ற இரண்டு மூலைகளிலும் இதே யோசனைதான் ஓடியது. அதுதான் வினை.

இரண்டே அணி என்றால் எதிரியின் நஷ்டம் அப்படியே என் லாபம். மூன்று அணி இருக்கும்போது ஆரஞ்சு அணியான நான் ஒரு நீலத்தைச் சுட்டால், குண்டு செலவு எனக்கு, இருக்கும் இடம் தெரிந்துபோவதும் எனக்கு. ஆனால் லாபத்தில் பாதி சும்மா உட்கார்ந்திருந்த மஞ்சளுக்கு. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மூன்று பேர் முறைவைத்துச் சுடுகிறார்கள். முதல் ஆள் மூன்று முறை சுட்டால் ஒன்றுதான் படும். இரண்டாமவருக்கு மூன்றில் இரண்டு. மூன்றாமவர் குறி தப்பவே தப்பாது. மட்டமான ஆளுக்குத்தான் முதல் வாய்ப்பு என்றால் அவர் யாரைச் சுட வேண்டும்? யாரையும் வேண்டாம், வானத்தைப் பார்த்துச் சுட வேண்டும்! அப்போது இரண்டாமவர், உயிர் பயத்தில், குறி தப்பாதவரைத்தான் சுடுவார். கணக்கைக் கடைசி வரை போட்டால் பிழைக்கும் வாய்ப்பு மட்டமான ஆளுக்குச் சுமார் 40 சதவீதம், இரண்டாமவருக்கு 38, குறி தப்பாத சூரருக்கு வெறும் 22.

முதல் பெயின்ட்பால் ஆட்டமும் இதற்குச் சாட்சி. 1981 ஜூன் 27, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காடு. 12 பேர், அணியே கிடையாது, ஆளாளுக்குத் தனி. மரங்களிலும் மாடுகளிலும் அடையாளம் வைக்கும் பெயின்ட் துப்பாக்கிதான் கையில். கொடிகளைச் சேகரித்து ஜெயித்த ரிச்சி வைட் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

சரி, ஒளிந்துகொள்வதற்குப் பரிசு கொடுத்தால் ஒளியத்தான் செய்வார்கள். அடுத்த சுற்றில், சுட்டால் ஒரு புள்ளி என்று மாற்றினோம். திடல் கலகலத்தது, கூடவே சண்டையும் வந்தது. எல்லாக் குண்டிலும் ஒரே நிறம். முதுகில் பட்ட பெயின்ட் யாருடையது? இரண்டு அணி ஆட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அடுத்த சுற்றுக்கு அணிக்கொரு நிறக் குண்டு வாங்கினோம். (சிவப்பைப் பல திடல்களில் வைப்பதில்லை, நிஜ ரத்தம் எது என்று தெரியாமல் போய்விடும்.)

பட்டும் உடையாத குண்டு இன்னொரு தலைவலி. மூன்று கிராம் உருண்டை நொடிக்கு 90 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் மார்பளவு உயரத்திலிருந்து விழுவதற்கு ஈடான ஆற்றல். கண்ணில் பட்டால் என்னாகும் என்று யோசித்தால் மாஸ்க்கைக் கழற்றத் தோன்றாது. ஆனால் குண்டின் மேல்தோல் ஜெலட்டின். மழைநாள் ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகிவிட்டால் உடம்பில் பட்டுத் துள்ளிப் போய்விடும். உடையாவிட்டால் அவுட் இல்லை என்பதுதான் பொது விதி. வலித்ததற்குப் புள்ளி கிடையாது.

ஆனால் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது மூன்றாவது சுற்றுதான். ஆரஞ்சு நீலத்தை வேட்டையாடும், நீலம் மஞ்சளை, மஞ்சள் ஆரஞ்சை. இரையைச் சுட்டால் 2 புள்ளி, அதன் கொடியைத் தூக்கி வந்தால் 10. வேட்டைக்காரனைச் சுட்டால் புள்ளி இல்லை, தற்காப்பு மட்டும். ஆளுக்கு மூன்று உயிர், கையில் மூன்று ரப்பர் பேண்டுகள். குண்டு பட்டால் ஒன்றை ரெஃபரியிடம் கொடுத்துவிட்டு, மூலைக்குப் போய் முப்பது எண்ணிவிட்டுத் திரும்பலாம். மொத்தம் இருபது நிமிடம்.

இதில் சூட்சுமம் என்னவென்றால், என் இரையான நீலம்தான் என்னைத் துரத்தும் மஞ்சளைத் துரத்துகிறது. நீலத்தைத் துடைத்தெடுத்தால் எனக்குப் புள்ளி வரும் வழியும் அடைபடும், மஞ்சளுக்குப் பயமும் விட்டுப்போகும். ஆகவே யாரையும் முழுதாக ஒழிப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஒளிந்தால் புள்ளியும் வராது.

இயற்கையிலும் இந்த வட்டம் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு பல்லி இனத்தின் ஆண்களுக்குத் தொண்டை ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என மூன்று நிறங்களில் இருக்கும். முரட்டு ஆரஞ்சு நீலத்தை விரட்டும். தன் ஜோடியை விட்டு நகராத நீலம் மஞ்சளை அண்டவிடாது. பெண் போல வேஷம் போடும் மஞ்சள் ஆரஞ்சின் பெரிய எல்லைக்குள் நைசாக நுழைந்துவிடும். 1996இல் வெளியான ஆய்வு இது. எந்த நிறம் பெருகினாலும் அதை வெல்லும் நிறத்துக்கு நல்ல காலம் பிறக்கிறது.

பதினெட்டாவது நிமிடம். நீல அணியில் ஒரே ஒருவர் மிச்சம், அவர் கையில் ஒரே பேண்ட். பலகைக்கு வெளியே முழு முதுகும் தெரிகிறது. நான் குறி பார்த்தேன். தம்பி துப்பாக்கிக் குழலை மெல்லக் கீழே தள்ளினான்.

"விடுங்கண்ணா. அவர் மஞ்சளைப் பார்த்துக்குவார். நாம கொடியை எடுப்போம்."