காந்தத்தால் மீளும் வினையூக்கி

சேலத்தை ஒட்டிய கஞ்சமலைப் பாறைகளில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது இருக்கிறது. அதே சேர்மத்தை வேதியியலாளர்கள் ஆய்வகத்தில் நானோ துகள்களாக உண்டாக்கி, வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கிகளான விலை உயர்ந்த உலோகங்களைச் சுமக்க வைக்கிறார்கள்.

பல்லேடியத்தை எடுத்துக்கொள்வோம். கார்பன் அணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் வினைகளில் அது வல்லது. அந்த வேதியியலுக்குத்தான் 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. கரைசலாகச் சேர்த்தால் விரைவாக வேலை செய்யும். ஆனால், வினை முடிந்ததும் விளைபொருளோடு கலந்து நின்றுவிடும். பணமும் வீண், மருந்தாக இருந்தால் உடலுக்கும் கேடு. திண்மக் கட்டியாகப் போட்டால் எளிதில் வடிகட்டலாம். ஆனால், வினை மேற்பரப்பில்தான் நடக்கும் என்பதால் உள்ளே இருக்கும் அணுக்கள் சும்மா கிடக்கும். ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்தை 10 நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் அதன் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டரிலிருந்து 600 சதுர மீட்டராகிவிடும், ஏறத்தாழ 15 சென்ட் நிலம். அவ்வளவு நுண்ணிய துகளை எந்த வடிதாளும் பிடிக்காது.

இங்கேதான் மேக்னடைட் வருகிறது. இருவகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நீரில் கரைத்து அம்மோனியா ஊற்றினால் கறுப்பு வீழ்படிவு உடனே இறங்கும். அதன்மேல் சிலிக்கா பூசி, நைட்ரஜன் கொண்ட அமைன் தொகுதிகளை ஒட்டி, அவற்றில் பல்லேடியத்தைப் பிடித்து நிற்கச் செய்கிறார்கள். வினை முடிந்ததும் குடுவைக்கு வெளியே காந்தத்தை வைத்தால் கறுப்புத் துகள்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும். தெளிந்த கரைசலை ஊற்றிக்கொள்ளலாம்.

என்னை வியக்க வைப்பது அடுத்த படி. சாதாரணக் காந்தத் தூளாக இருந்தால் ஒன்றையொன்று இழுத்துக் கட்டி தட்டிவிடும். மேக்னடைட் துகள் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே சென்றால், அறை வெப்பமே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். வெளிக்காந்தம் இருக்கும்வரை எல்லாத் துகள்களும் ஒரே திசையில் நிற்கும். எடுத்துவிட்டால் காந்தத்தன்மை மறைந்து, மறுபடியும் கரைசலில் பரவும்.

இத்தகைய வினையூக்கியைப் பற்றிப் படிக்கும்போது, எத்தனை முறை பயன்பட்டது என்பதைவிட ஒவ்வொரு முறையும் எவ்வளவு உலோகம் கழன்றது என்பதையே நான் முதலில் தேடுவேன். வினை பாதியில் இருக்கும்போது சூட்டோடு துகள்களை நீக்கிப் பார்ப்பார்கள். மீதிக் கரைசலில் வினை தொடர்ந்தால், உலோகம் கசிந்திருக்கிறது என்று பொருள்.

திருப்பூர்ச் சாயக்கழிவுக்கு இது உதவுமா? நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய கழிவையும், 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவையும் கண்ட ஊர்க்காரர்கள் இப்படிக் கேட்பது நியாயமே. ஒடுக்கும் வேதிப்பொருளான சோடியம் போரோஹைட்ரைடோடு சேர்ந்தால் இத்தகைய வினையூக்கிகள் அசோ சாயத்தின் இரட்டை நைட்ரஜன் பிணைப்பை உடைக்கும். நிமிடங்களில் நிறம் போய்விடும். நிறம் போனாலும் நீர் தூய்மையாகிவிடாது. உடைந்த துண்டுகள் அரோமேட்டிக் அமைன்கள், அவற்றில் சில நச்சு. சாயமேற்றக் கொட்டிய உப்பும் அப்படியே இருக்கும். அதை நீக்கச் சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கலும் தேவை. எனவே இத்துறை ஆய்வாளர்கள் காய்ச்சி வடித்த நீரில் கரைத்த ஒற்றைச் சாயத்தோடு நிற்காமல், பட்டறையிலிருந்து வரும் உப்புக் கழிவிலேயே துகள்களைச் சோதித்து, நிறத்தோடு அமைன் அளவையும் கரைந்த உலோக அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும்.